ஸ்டாஃப் ரூமுக்குள் போகும் முன்: புளியறையில் எழுதிய பதினாறு வார இலக்குகள்

சாரல் பிடித்துவிட்டால் எங்கள் படிப்பகத்தின் தகரக் கூரை யாரையும் பேச விடாது. கத்தித்தான் பேச வேண்டும். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, ஐந்து பேர் ஆளுக்கொரு படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மூன்று பெண்கள், இரண்டு பையன்கள். எல்லோரும் பி.எட். இரண்டாம் ஆண்டு. எல்லோரும் ஒரு காலத்தில் இதே பாயில் உட்கார்ந்து வாய்ப்பாடு சொன்னவர்கள். அடுத்த வாரம் பள்ளிக்கூடங்களுக்குக் கற்பித்தல் பயிற்சிக்குப் போகிறார்கள்.

படிவத்தில் இரண்டு தலைப்புகள்தான். "இப்பருவத்திற்கான எனது தனிப்பட்ட இலக்குகள்." "இப்பருவத்திற்கான எனது தொழில்சார் இலக்குகள்." ஒவ்வொன்றுக்கும் கீழே மூன்று கோடுகள்.

"என்னத்தக்கா எழுத?" என்றாள் தமிழ் எடுக்கப் போகும் தங்கை. "போன வருசம் எழுதுனவங்களோட பேப்பர் இருக்கு. அதையே பாத்து எழுதிரவா?"

அந்தப் பேப்பரை வாங்கிப் பார்த்தோம். நேரம் தவறாமை. வகுப்பறையைக் கட்டுப்பாட்டில் வைத்திருத்தல். கற்பித்தல் துணைக்கருவிகளைச் சிறப்பாகப் பயன்படுத்துதல். தன்னம்பிக்கையை வளர்த்துக்கொள்ளுதல். இதில் தப்பாக எதுவும் இல்லை. ஆனால் எந்த ஊர்ப் பிள்ளை எழுதினாலும், எந்தத் தெருப் பிள்ளை எழுதினாலும் இதே நான்கு வரிதான் வரும். எங்கள் பிள்ளைகள் ஸ்டாஃப் ரூமுக்குள் நுழைந்ததும் சந்திக்கப் போகிற முதல் கேள்விக்கு இந்த நான்கு வரிகளில் பதில் இல்லை.

அந்தக் கேள்வி உங்களுக்கும் தெரியும் தோழர்களே. "எந்த ஊரும்மா?" "புளியறை சார்." "புளியறையில எந்தத் தெரு?"

'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவோம் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்ல செய்தி. ஆனால் 'எந்தத் தெரு' என்ற கேள்வி எந்த ஆவணத்திலும் இல்லை. அதை நீக்க அரசாணை போட முடியாது. அதைக் கேட்கிறவர் கையில்தான் இந்தப் பதினாறு வாரத்துக்கான கையெழுத்து இருக்கிறது.

வெளியூர்த் தோழர்களுக்காக ஒரு வரி. 2014-ல் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் கொண்டுவந்த விதிகளின்படி பி.எட். இரண்டாண்டுப் படிப்பு. அதில் 20 வாரம் பள்ளியில் இருக்க வேண்டும். முதலாண்டில் 4, இரண்டாமாண்டில் 16. அந்தப் பதினாறு வாரம்தான் பெரிது. பாடக்குறிப்பு, உற்றுநோக்கல் பதிவேடு, தனியாள் ஆய்வு, அடைவுத் தேர்வு என்று ரெக்கார்டு நோட்டுகள் முழங்கை உயரத்துக்கு அடுக்கிவிடும். ஒவ்வொன்றிலும் வழிகாட்டி ஆசிரியரும் தலைமை ஆசிரியரும் கையெழுத்துப் போட வேண்டும். சம்பளம் கிடையாது. பயிற்சிக்கு வந்தவர் அந்தப் பள்ளியில் ஆசிரியரும் இல்லை, மாணவரும் இல்லை. பிள்ளைகள் 'டீச்சர்' என்பார்கள். ஸ்டாஃப் ரூமில் 'பி.எட். பொண்ணு' என்பார்கள்.

இந்த நிலையில் இருக்கிற ஒருத்தி என்ன இலக்கு வைத்துக்கொள்ள முடியும்? அன்று மாலை அதைத்தான் பேசினோம். பேசுவதற்கு முன் எங்கள் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரைக்கு அர்த்தம் இல்லை.

போன வருடம் நாங்கள் செய்தது

படிப்பகத்தை நடத்துகிற நாங்கள் நான்கு பேர். எங்களில் இரண்டு பேர் சமூகவியல் முதுகலை படித்தவர்கள். சாதியம் எப்படி இயங்குகிறது என்று மணிக்கணக்காகப் பேசத் தெரியும். போன ஆண்டு பயிற்சிக்குப் போன ஒரு தங்கையிடமும் அப்படித்தான் பேசி அனுப்பினோம். "எது தப்புன்னு படுதோ அங்கேயே கேட்டுரணும், விடக்கூடாது" என்றோம்.

ஐந்தாவது வாரம் அவள் வகுப்பில் இருந்தபோது ஓர் ஆசிரியர் உள்ளே வந்தார். உதவித்தொகைப் பட்டியல் எடுக்க வேண்டும். "எஸ்.சி. பிள்ளைங்க எல்லாம் எந்திரிங்க" என்றார். ஒன்பது பிள்ளைகள் எழுந்தார்கள். ஒரு பையன் எழவில்லை. "ஏல, நீயும்தான?" என்று பெயர் சொல்லி எழுப்பினார். வகுப்பு சிரித்தது.

எங்கள் தங்கை அங்கேயே கேட்டாள். "சார், இப்படி நிப்பாட்டிக் கேக்கிறது சரியில்ல" என்று பிள்ளைகள் முன்னாலேயே சொன்னாள். அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அன்று இரவு அவள் போனில் சொன்னபோது நாங்கள் கை தட்டினோம். படிப்பகத்து வாட்ஸ்அப் குழுவில் ஜெய்பீம் போட்டோம்.

மறுநாள் பள்ளியிலிருந்து கல்லூரிக்குப் போன் போனது. "ஒத்துழைப்பு இல்லை" என்றார்களாம். ஏழாவது வாரம் அவளை வேறு பள்ளிக்கு மாற்றினார்கள். ரெக்கார்டுகளில் பாதியை மறுபடி எழுதினாள். கண்ணுக்குக் கீழே கறுத்துப்போனாள். அதையெல்லாம்கூட அவள் பெரிதாகச் சொல்லவில்லை. பயிற்சி முடிந்து வந்தவள் ஒன்றுதான் கேட்டாள்.

"நீங்க சொன்னீங்க, நான் பேசிட்டேன்க்கா. நான் போன பிறகு அந்தப் பையனுக்கு அந்த வகுப்புல யாரு இருந்தா?"

எங்களிடம் பதில் இல்லை. அவளை அனுப்பும்போது நாங்கள் வைத்த இலக்கில் அந்தப் பையன் இல்லை. எங்கள் கோபம் இருந்தது, எங்கள் அரசியல் இருந்தது, நாங்கள் சொல்லிக்கொள்ள ஒரு வீரக்கதை இருந்தது. அந்த ஆசிரியர் இன்றும் அதே முறையில்தான் பட்டியல் எடுத்துக்கொண்டிருப்பார். எழுந்து நிற்க வெட்கப்பட்ட பையனுக்காக ஒருத்தி பேசினாள், பேசியதால் அவள் காணாமல் போனாள். அந்தப் பையன் இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டிருப்பான் என்று நினைத்தால் இன்றும் தூக்கம் வரவில்லை.

"அவள் பேசியது தப்பு" என்று நாங்கள் சொல்லவில்லை. இருபத்திரண்டு வயதுப் பெண்ணைத் தனியாகப் பேச அனுப்பியது எங்கள் தப்பு. தயாரிப்பு இல்லை, துணை இல்லை, அடுத்த நாளுக்கான யோசனை இல்லை.

இந்த மண்ணின் பழைய பள்ளிக்கூடக் கதை

அந்த ஞாயிற்றுக்கிழமை, படிவத்தைத் தொடும் முன் ஒரு கதை சொன்னோம். ஐந்து பேரும் சாவித்ரிபாய் புலேயைப் படித்திருந்தார்கள். மாற்றுப்புடவை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனவர் என்பது தெரியும். ஆனால் அய்யன்காளி தங்கள் ஊர்க்காரர் மாதிரிதான் என்று யாருக்கும் தெரியவில்லை.

1956 நவம்பர் 1 வரை செங்கோட்டையும் புளியறையும் திருவிதாங்கூர்ப் பக்கம். மொழிவாரி மாநிலம் பிரிந்தபோதுதான் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். இன்றைக்கு எஸ் வளைவுக்கு இந்தப் பக்கம் லாரிகள் வரிசை கட்டி நிற்கிற சோதனைச்சாவடி நமக்குப் பழக்கமான எல்லை. நம் பூட்டன் காலத்தில் அந்த எல்லை இல்லை. அந்தப் பக்கம் என்ன சாதிச் சட்டமோ இந்தப் பக்கமும் அதே ராஜாவின் ஆட்சி.

அய்யன்காளி 1863-ல் வெங்ஙானூரில் பிறந்தவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். 1907-ல் சாது ஜன பரிபாலன சங்கம் தொடங்கினார். புலையர் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க அரசு உத்தரவு வந்த பிறகும் பள்ளிகள் கதவைத் திறக்கவில்லை. எங்கள் பிள்ளைகள் பள்ளிக்குள் போகவில்லை என்றால் உங்கள் வயலில் களைதான் முளைக்கும் என்று சொல்லி, வயல் வேலையை நிறுத்தினார். கூலி உயர்வுக்கு மட்டுமல்லாமல் பள்ளிக்கூடத்துக்காகவும் உழைப்பாளிகள் வேலையை நிறுத்திய போராட்டம் அது. மாதக்கணக்கில் நீடித்தது. பட்டினி கிடந்தார்கள், பின்வாங்கவில்லை.

ஊரூட்டம்பலம் பள்ளிக்குப் பஞ்சமி என்ற சிறுமியைக் கையைப் பிடித்து அழைத்துப் போனார் அய்யன்காளி. அவள் உட்கார்ந்த பள்ளியைத் தீ வைத்தார்கள். எரிந்து மிஞ்சிய பெஞ்சு ஒன்று இன்றும் அந்தப் பள்ளியில் இருக்கிறது. கேரளத் தோழர்கள் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

அவர் வெங்ஙானூரில் பள்ளி தொடங்கியபோது சொல்லிக்கொடுக்க ஆள் கிடைக்கவில்லை. கடைசியில் கைதமுக்கைச் சேர்ந்த பரமேஸ்வரன் பிள்ளை என்ற ஆசிரியர் முன்வந்தார். அவருக்கும் எதிர்ப்பு. அதனால் ஆட்கள் துணையோடு அழைத்து வந்து, துணையோடு கொண்டுபோய் விட்டார்கள். இந்த இடத்தில் கதையை நிறுத்தி, ஐந்து பேரையும் பார்த்தோம். சிறுமிக்குத் துணை இருந்தது. ஆசிரியருக்கும் துணை இருந்தது. அய்யன்காளி யாரையும் தனியாக அனுப்பவில்லை. போன வருடம் நாங்கள் தனியாக அனுப்பினோம்.

1937-ல் காந்தி வெங்ஙானூர் வந்தபோது அய்யன்காளி சொன்ன ஆசை, தன் சமூகத்தில் பத்து பி.ஏ. பட்டதாரிகளைப் பார்க்க வேண்டும் என்பது. கணக்குத் தம்பி சுற்றிப் பார்த்து எண்ணினான். "நம்ம பாயிலயே அஞ்சு இருக்கே" என்றான்.

எது மாறியிருக்கிறது, எது மாறவில்லை

நம் மாவட்டத்தின் கதையையும் பேசினோம். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானது. மூன்று வருடத்துக்குள் நாடே நம் மாவட்டத்தின் பெயரைக் கேட்டது. சங்கரன்கோவில் பக்கம் பாஞ்சாகுளத்தில், 2022 செப்டம்பரில், தின்பண்டம் வாங்க வந்த தலித் பிள்ளைகளிடம் ஊர்க் கட்டுப்பாடு, உங்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று கடைக்காரர் சொன்னார். சொன்னதை அவர்களே வீடியோ எடுத்துப் பரப்பினார்கள். அதன் பிறகு கைது, கடைக்குச் சீல், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கு. சட்டம் வேலை செய்தது. ஆனால் அந்தப் பிள்ளைகள் பள்ளிப் பையோடு நின்றுகொண்டிருந்த காட்சியை யாரும் மறக்க முடியாது. அவர்களில் ஒருவர் நாளை உங்கள் வகுப்பில் உட்காரலாம் என்று சொன்னோம்.

அதே ஆண்டு ஈரோடு மாவட்டம் பெருந்துறைப் பக்கம், தலித் மாணவர்களைக் கழிவறை கழுவ வைத்ததாகத் தலைமை ஆசிரியர் ஒருவர் கைதானார். அடுத்த ஆண்டு, 2023 ஆகஸ்டில், நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவரையும் அவர் தங்கையையும் உடன் படித்த பையன்கள் வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகுதான் அரசு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது.

அறிக்கையைப் பற்றி ஆதரவும் எதிர்ப்பும் நிறையப் பேசியாயிற்று. பயிற்சிக்குப் போகிறவர்களுக்கு அதில் என்ன இருக்கிறது என்று மட்டும் பார்த்தோம். வருகைப் பதிவேட்டில் சாதி இருக்கக் கூடாது. பிள்ளைகளை அகர வரிசையில் உட்கார வைக்க வேண்டும். உதவித்தொகை விவரத்தை வகுப்பில் எல்லார் முன்னாலும் கேட்கக் கூடாது. சாதியைக் குறிப்பிட்டுப் பிள்ளைகளைப் பேசக் கூடாது. சாதிக் கயிறு கூடாது. இவை பரிந்துரைகள். எல்லாப் பள்ளியிலும் நடைமுறையில் இருக்கும் என்று நம்பிப் போனால் ஏமாந்துபோவோம். ஆனாலும், "நானாச் சொல்லல சார், அறிக்கையிலயே இருக்கு" என்று சொல்ல ஒரு தாள் நம் கையில் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் 2009-ன் 17-ஆவது பிரிவு அதைவிடத் திடமானது. அடிப்பதும் மனரீதியாகத் துன்புறுத்துவதும் தடை. அது பரிந்துரை இல்லை, சட்டம்.

தனிப்பட்ட இலக்குகள்

பிறகு படிவத்தை எடுத்தோம். மூன்று கோடு போதாது என்று வெள்ளைத்தாள் கொடுத்தோம். முதலில் தனிப்பட்ட இலக்கு. ஏனென்றால் ஆள் உடைந்துபோனால் தொழில் இலக்கு என்று ஒன்று இல்லை.

முதலாவது, 'எந்தத் தெரு' கேள்விக்கான பதிலை வீட்டிலேயே முடிவு செய்துகொள்வது. இதில் ஐந்து பேருக்கும் ஒரே பதில் வரவில்லை. கணக்குத் தம்பி நேராகச் சொல்லிவிடுவேன் என்றான். "ஒளிச்சு வச்சா பதினாறு வாரமும் அதையே நெனைச்சுக்கிட்டு இருக்கணும்" என்றான். அறிவியல் தங்கை சொல்ல மாட்டேன் என்றாள். "பாடம் நடத்த வந்திருக்கேன், அதுக்கு என் தெரு எதுக்கு?" என்றாள். தமிழ்த் தங்கை, "சிரிச்சுக்கிட்டே, ஏன் சார் கேக்கீங்கன்னு கேப்பேன்" என்றாள். மூன்றும் சரி. சொல்கிறவர் சொல்லாதவரைக் கோழை என்று நினைக்கக் கூடாது, சொல்லாதவர் சொல்கிறவரை வம்பு இழுப்பவர் என்று நினைக்கக் கூடாது. பொய் மட்டும் வேண்டாம் என்றோம். பொய்யைக் காப்பாற்றத் தினமும் இன்னொரு பொய் வேண்டும், அதற்கு ஆகும் சக்தியில் இரண்டு பாடக்குறிப்பு எழுதிவிடலாம்.

இரண்டாவது, காசு. இதை இலக்கு என்று யாரும் எழுத மாட்டார்கள், ஆனால் பயிற்சியைப் பாதியில் முறிப்பது பெரும்பாலும் இதுதான். பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம். பையன்களுக்கு இல்லை. சார்ட், ரெக்கார்டு நோட்டு, படங்கள், பிரின்ட் அவுட், இரண்டு நல்ல உடை. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தோம். மற்ற நாட்களில் ஞாயிறு கூலிக்குப் போகிற ஆங்கிலத் தம்பி அதை நிறுத்த முடியாது என்றான். சரி, நிறுத்த வேண்டாம், உன் சார்ட் வேலையைச் சனிக்கிழமை நாங்கள் பிரித்துக்கொள்கிறோம் என்றோம். அதையும் இலக்கில் எழுதினான்: "உதவி கேட்க வெட்கப்பட மாட்டேன்."

மூன்றாவது, தினம் ஐந்து வரி குறிப்பு. தேதி, நேரம், யார், என்ன சொன்னார், பக்கத்தில் யார் இருந்தார். உணர்ச்சி வேண்டாம், நடந்தது மட்டும் போதும். இது ஸ்டேட்டஸ் போட அல்ல. என்றைக்காவது தேவைப்பட்டால் அதுதான் சாட்சி. தேவைப்படாமல் போனால் இன்னும் நல்லது, செயலாய்வுக்கு உதவும்.

நான்காவது, துணை. ஒவ்வொருவருக்கும் எங்களில் ஒருவர். ராத்திரி எட்டரைக்குப் போன். "சாப்பிட்டியா" என்று தொடங்கும் போன். போன வருடத் தங்கை தானாக எழுந்து, "தமிழுக்கு நான்" என்றாள். அன்று அந்த அறையில் எங்களுக்குப் பெரிய ஆறுதல் அதுதான்.

தொழில் இலக்குகள்

தொழில் இலக்கு என்றதும் கணக்குத் தம்பி, "வகுப்பக் கட்டுப்பாட்டுல வைக்கிறது" என்று ஆரம்பித்தான். பேசுவதைவிடச் செய்து பார்ப்போம் என்று, படிப்பகத்துப் பிள்ளைகளை உட்கார வைத்து இருபது நிமிடம் பின்னம் நடத்தச் சொன்னோம். அறிவியல் தங்கை பின்னால் உட்கார்ந்து, அவன் யாரிடம் எல்லாம் கேள்வி கேட்கிறான் என்று கோடு போட்டாள். மொத்தம் இருபத்திரண்டு கேள்வி. அதில் பதினைந்து முன்வரிசைக்கு. கடைசி வரிசையில் இருந்த இரண்டு பெண்பிள்ளைகளுக்கு ஒன்றுகூட இல்லை. நம் தெருப் பிள்ளைகள்தான் எல்லோரும். அவன் தங்கச்சியும் அந்தக் கடைசி வரிசையில்தான் இருந்தாள். தாளைப் பார்த்தவன் வெகுநேரம் பேசவில்லை.

புறக்கணிப்புக்கு எப்போதும் கெட்ட எண்ணம் தேவையில்லை என்று அவனுக்கு அன்று புரிந்தது. கண் பழகிய இடத்துக்குப் போகிறது, கேள்வியும் அங்கேயே போகிறது. நல்ல எண்ணம் இருக்கிற நமக்கே இப்படி என்றால், எண்ணிப் பார்க்காத வகுப்பில் என்ன நடக்கும்? அதனால் முதல் தொழில் இலக்கு: ஒவ்வொரு பாடக்குறிப்பின் பின்பக்கமும் கோடு போடும் கட்டம். வாரத்தில் ஒரு நாளாவது உடன் பயிற்சிக்கு வந்தவரைப் பின்னால் உட்கார வைத்து எண்ணச் சொல்வது. ஒரு வாரத்துக்குள் எல்லாப் பிள்ளைக்கும் ஒரு கேள்வியாவது போய்ச் சேர வேண்டும்.

இரண்டாவது, பெயர். முதல் இரண்டு வாரத்துக்குள் வகுப்பில் உள்ள எல்லோரின் பெயரும். 'ஏ ரெட்டைச்சடை', 'ஏல கடைசி பெஞ்சு' என்று கூப்பிடக் கூடாது. எத்தனையோ பிள்ளைகள் பள்ளியில் தங்கள் சொந்தப் பெயரைக் கேட்டே நாளாகியிருக்கும்.

மூன்றாவது, வேலைப் பட்டியல். துடைப்பம் யார் கையில், தண்ணீர்க்குடம் யார் கையில், ஸ்டாஃப் ரூமுக்கு டீ வாங்கப் போவது யார், அங்கே டம்ளர் கழுவுவது யார் என்று முதல் வாரம் பார்த்துக்கொண்டே இருப்பது. பிறகு தன் வகுப்புக்கு மட்டும் அகர வரிசையில் ஒரு அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டுவது. அட்டவணை ஒட்டுவதை யாரும் கலகம் என்று சொல்ல முடியாது. கற்பித்தல் துணைக்கருவிக்கு மதிப்பெண்கூடக் கிடைக்கும்.

நான்காவது இலக்கைச் சொன்னவள் போன வருடத் தங்கை. உதவித்தொகைப் பட்டியல். "பயிற்சிக்குப் போனா எப்படியும் எழுத்து வேலையெல்லாம் நம்ம தலையிலதான் கட்டுவாங்க. எமிஸ் ஏத்தச் சொல்லுவாங்க, மார்க் கூட்டச் சொல்லுவாங்க. அதுல சலிச்சுக்காம, அந்தப் பட்டியலையும் நானே எடுத்துத் தாரேன் சார்னு மொதல்லயே வாங்கிக்கோ. வாங்கி, இடைவேளையில ஒவ்வொரு பிள்ளையா தனியாக் கூப்பிட்டுக் கேளு. யாரும் எந்திரிக்க வேண்டாம்."

நாங்கள் நான்கு பேரும் எம்.ஏ. படித்து, அறிக்கை படித்து, கூட்டம் நடத்திக் கண்டுபிடிக்காத வழி இது. அடிபட்டவளுக்குத் தெரிந்திருந்தது. அப்படி ஒருமுறை எடுத்துக் காட்டினால், அடுத்த வருடம் அந்த ஆசிரியரே அப்படி எடுக்கலாம், எடுக்காமலும் போகலாம். இந்த வருடம் ஒரு வகுப்பில் ஒரு பையன் எல்லார் முன்னாலும் எழுந்து நிற்க வேண்டியிருக்காது. பதினாறு வாரத்தில் அது பெரிய காரியம்.

ஐந்தாவது இலக்கில்தான் நாங்கள் கொஞ்சம் கறாராக இருந்தோம். பாடம். அவரவர் பாடத்தில் கேள்வி கேட்டால் தடுமாறாத அளவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். "தமிழ்த் தங்கச்சி, புணர்ச்சி விதியை இந்தப் பிள்ளைகளுக்குப் புரியவை பார்ப்போம்" என்றதும் விழித்தாள். வசதியான வீட்டுப் பிள்ளைக்கு டியூஷன் இருக்கிறது, கைடு இருக்கிறது, படித்த அப்பா அம்மா இருக்கிறார்கள். நம் தெருப் பிள்ளைக்கு அந்த நாற்பது நிமிடம் மட்டும்தான் இருக்கிறது. அதை மோசமாக நடத்தினால், எவ்வளவு அன்பாக நடத்தினாலும், அது அந்தப் பிள்ளைக்குச் செய்கிற அநியாயம். சமூகநீதி பேசுகிற நமக்கு இது சில நேரம் மறந்துபோகிறது. நன்றாகப் பாடம் நடத்துவதும் நம் அரசியல்தான்.

கோடு தாண்டினால்

இவ்வளவும் சொன்ன பிறகு ஆங்கிலத் தம்பி கேட்டான். "அப்போ எதையும் எதிர்த்துக் கேக்கக் கூடாதா? டம்ளரைத் தனியா வச்சாலும் அட்டவணை ஒட்டிக்கிட்டு இருக்கணுமா?"

நியாயமான கேள்வி. அதற்குத்தான் ஒரு கோடு வரைந்தோம். பிள்ளையை அடித்தால், சாதிப் பெயர் சொல்லித் திட்டினால், கழிவறை கழுவச் சொன்னால், அதற்குப் பிறகு மதிப்பெண்ணும் கையெழுத்தும் இரண்டாம் பட்சம். ஆனால் அப்போதும் வரிசை ஒன்று இருக்கிறது. முதலில் அந்தப் பிள்ளையை அந்த இடத்திலிருந்து பாதுகாப்பாக வெளியே கொண்டுவருவது. அடுத்து அன்றே எழுதி வைப்பது. அன்று மாலையே எங்களிடம் சொல்வது. பிறகு எங்களில் இருவர் பெற்றோரைப் போய்ப் பார்ப்பது. அந்தத் தெருவில் வாழப் போகிறவர்கள் அவர்கள். அவர்கள் என்ன விரும்புகிறார்கள் என்று கேட்காமல் எங்கள் விருப்பத்துக்கு வழக்குப் போட மாட்டோம். குழந்தைகளுக்கு 1098, பள்ளிக் கல்விக்கு 14417, வன்கொடுமைக்கு 14566. மூன்று எண்ணையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதச் சொன்னோம். புகார் என்று போனால் படிப்பகத்தின் பெயரில் நாங்கள் போவோம். பயிற்சிக்குப் போன பிள்ளையை முன்னால் நிறுத்த மாட்டோம்.

தனக்கு நடப்பதற்கும் இதே முறைதான். தனி டம்ளர் என்றால் அன்று டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து எங்களிடம் சொல். அடுத்த அடியைச் சேர்ந்து வைப்போம். "பொறுத்துப் போ" என்று எங்கள் வாயிலிருந்து வராது. "தனியாப் போ" என்றும் இனி வராது.

படிவம்

எல்லாம் முடிய ராத்திரி ஒன்பதாகிவிட்டது. சாரல் நின்று, தவளைச் சத்தம் கேட்டது. புளியறை தட்சிணாமூர்த்தி கோயிலுக்குப் பேர்போன ஊர். வியாழக்கிழமை குருவைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ வருவார்கள். அந்த ஊரில் எங்கள் தெருவிலிருந்து ஐந்து டீச்சர், சார் புறப்படுகிறார்கள் என்று ஒரு பாட்டி வாசலில் நின்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கல்லூரிப் படிவத்தில் எல்லாவற்றையும் எழுத முடியாது. எழுதவும் வேண்டாம் என்றோம். அதில் மூன்று வரி எழுதினால் போதும், தாள் உங்கள் நோட்டில் இருக்கட்டும். தமிழ்த் தங்கை படிவத்தில் எழுதியது இது: "இரண்டு வாரத்திற்குள் அனைத்து மாணவர்களின் பெயரையும் அறிவேன். ஒவ்வொரு மாணவரிடமும் வாரத்திற்கு ஒரு கேள்வியாவது கேட்பேன். இலக்கணத்தை அச்சமின்றி நடத்துவேன்." எந்தப் பேராசிரியரும் குறை சொல்ல முடியாத மூன்று வரி. பழைய பேப்பரைப் பார்த்து எழுதியவை இல்லை.

மறுவாரம் திங்கட்கிழமை காலை ஐந்து பேரும் ஒரே பஸ்ஸில் ஏறினார்கள். எட்டரைக்குப் போன் பண்ணலாம் என்று காத்திருந்தோம். அதற்கு முன்பே, ஏழு மணிக்கு, படிப்பகத்துக்கே வந்துவிட்டாள் தமிழ்த் தங்கை. என்ன கேட்டார்கள், என்ன சொன்னாய் என்று நாங்கள் கேட்க வாயெடுத்தோம்.

"தெருவ நாளைக்குக் கேப்பாவ போல, இன்னைக்கு யாரும் கேக்கல" என்றாள். உட்கார்ந்து, நோட்டைத் திறந்து, விரலை வைத்து எண்ணினாள். "நாப்பத்தி ரெண்டு பேருக்கா. இன்னைக்குப் பதினோரு பேரு பேரு தெரிஞ்சிக்கிட்டேன்."

இன்னும் முப்பத்தொரு பேர் இருக்கிறார்கள். இதைப் படிக்கிற தோழர்களில் யாராவது இந்தப் பருவம் பயிற்சிக்குப் போகிறீர்கள் என்றால், உங்கள் படிவத்தையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். உங்களுக்கு எட்டரை மணிக்குப் போன் பண்ண ஒரு ஆளைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஜெய்பீம்.